முதல் படத்துக்கு ஓர் இலை போதும்

வரையப் பழகுகிறவர்கள் தயவுசெய்து முகத்தில் ஆரம்பிக்காதீர்கள். கண் ஒரு நூல் தள்ளிப்போனாலும் ஆளே மாறிப்போவார். உதிர்ந்த இலை ஒன்றை எடுங்கள்; நரம்பு கொஞ்சம் விலகினாலும் அது இலையாகத்தான் இருக்கும்.

2பி பென்சில் (சற்று மென்மையான, கறுப்பாக விழும் வகை), ரப்பர், வெள்ளைத்தாள் போதும். வலக்கைக்காரர்கள் விளக்கை இடப்பக்கம் வையுங்கள், கை நிழல் தாளில் விழாது.

பெரும்பாலோர் ஓரக்கோட்டில் தொடங்குகிறார்கள். படம் கோணுவது அங்கேதான். முதலில் காம்பிலிருந்து நுனிவரை நடுநரம்பை, அதன் வளைவோடு, லேசாக இழுங்கள். இலை எந்த இடத்தில் மிக அகலம், அந்த அகலம் நீளத்தில் எத்தனை பங்கு என்று பென்சிலை வைத்தே அளந்து இருபுறமும் புள்ளி வையுங்கள். அப்புறம்தான் ஓரம்.

கிளைநரம்புகளைப் பலரும் மீன்முள் மாதிரி நேருக்கு நேர் போட்டுவிடுகிறார்கள். உற்றுப் பாருங்கள்: பல இலைகளில் அவை மாறிமாறிக் கிளம்பும், ஓரத்தை நெருங்கும்போது நுனிப்பக்கம் வளையும், மெலிந்து மறையும். நரம்பைக் கறுப்புக் கோடாக அழுத்த வேண்டாம். அதன் ஒருபக்க நிழலை மட்டும் போடுங்கள், நரம்பு தானாக எழுந்து நிற்கும்.

நிழலை விரலால் தேய்க்கவே கூடாது. தோலின் எண்ணெய் பட்ட இடம் திட்டுத்திட்டாகும், ரப்பருக்கும் சரியாக மசியாது. கோடுகளை நெருக்கிப் போட்டே இருட்டாக்குங்கள்.