அப்பா பெயரில் சேர்ந்த மேற்கோள்கள்

பழைய மாணவர் மலர்க் குழுவிலிருந்து என்னிடம் கேட்டது சின்ன விஷயம்தான்: நம் செட்டில் மூளை எம்ஆர்ஐ ஆராய்ச்சிக்குப் போனவன் எத்தனை கட்டுரை எழுதியிருக்கிறான், எத்தனை மேற்கோள் (அதாவது மற்றவர்கள் தங்கள் கட்டுரையில் அவன் கட்டுரையைக் குறிப்பிடுவது) வாங்கியிருக்கிறான், ஒரு வரியில் எழுதிக் கொடுங்கள். ஒரு வரியில் அடங்கவில்லை. பெயரைப் போடாதே என்று அவனே சொல்லிவிட்டான். நம் செட்டுக்குத் தெரியும், இயற்பியல் வகுப்பில் காந்தத்தின் மேல் காகிதத்தை வைத்து இரும்புத்தூளைத் தூவி, சார் போதும் என்று சொன்ன பிறகும் பேனாவால் தட்டித் தட்டி அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருப்பானே, அவன்தான்.

சிக்கல் பெயரிலேயே தொடங்குகிறது. கும்பகோணத்தில் நமக்கெல்லாம் ஒரு இனிஷியல், ஒரு பெயர், அவ்வளவுதான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அவன் அப்பா பெயர் போய் உட்கார்ந்துகொண்டது. ஆராய்ச்சிக் கட்டுரையில் குடும்பப் பெயரைத்தான் முழுசாகப் போடுவார்கள், சொந்தப் பெயர் வெறும் முதலெழுத்தாகிவிடும், ஆக பாத்திரக் கடையில் கணக்கு எழுதிய அவன் அப்பாவின், நான் மாமா என்று கூப்பிடுகிறவரின், பெயர்தான் உலகம் முழுக்க மேற்கோளாகப் போய்க்கொண்டிருக்கிறது. நடுவில் ஒரு கட்டுரையில் பெயரைத் திருப்பிப் போட்டான், கட்டுரைகளையும் மேற்கோள்களையும் பட்டியலிடும் ஸ்கோபஸ் அவனை இரண்டு ஆளாக்கிவிட்டது. அதே வேலையைச் செய்யும் கூகுள் ஸ்காலரோ, யாரோ எழுதிய நெற்பயிர் நோய்க் கட்டுரைகளையும் தூக்கி அவன் கணக்கில் வைத்தது (டெல்டாக்காரன் என்று அதற்கு எப்படித் தெரிந்ததோ). 2012-இல் ஆர்சிட் என்ற அமைப்பு வந்து ஆராய்ச்சியாளருக்கெல்லாம் 16 இலக்க எண் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் ஓரளவு சீரானது. நம்ம ஊர் ராமானுஜனுக்கும் முன்னால் நிற்கும் எஸ் அப்பா சீனிவாசன்தான், ஜவுளிக் கடைக் குமாஸ்தா, ஆனால் உலகம் ராமானுஜன் என்றே சொல்கிறது. இவனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

சரி, எண்ணிக்கைக்கு வருவோம். எச்-இன்டெக்ஸ் என்று ஒன்று, 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்னது. 20 கட்டுரைகளுக்குத் தலா 20 மேற்கோளாவது இருந்தால் உங்கள் எச்-இன்டெக்ஸ் 20. ஒரே கட்டுரைக்கு ஐயாயிரம் வந்தாலும் அது ஒரு கட்டுரையாகத்தான் கணக்கில் வரும். மூளை எம்ஆர்ஐயில் மேற்கோள் குவிவது பெரும்பாலும் கருவிகளுக்கு. ஆக்ஸ்போர்டின் ஸ்டீபன் ஸ்மித் 2002-இல் எழுதிய கட்டுரை ஒன்று, படத்தில் மண்டையோட்டையும் தோலையும் நீக்கிவிட்டு மூளையை மட்டும் பிரித்தெடுக்கும் மென்பொருளைப் பற்றியது. அந்த மென்பொருளை ஓட்டுகிறவர்கள் எல்லாம் அதைக் குறிப்பிட்டாக வேண்டும், ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்டது. அத்தனை பேரும் அதைப் படித்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

இவனுக்கு அதிகம் மேற்கோள் வாங்கிக் கொடுப்பது பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து எழுதிய கூட்டுக் கட்டுரைகள். அதில் ஐம்பது அறுபது பெயருக்கு நடுவில் இவன் பெயரும், அதாவது மாமா பெயரும், இருக்கும். முதல் பெயர் உழைத்தவருக்கு, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருக்கு, நடுவில் நிற்பவர்களில் சிலர் ஸ்கேன் அனுப்பியதோடு சரி. இவனும் அப்படித்தான் என்று அவனே சிரித்துக்கொண்டு சொல்வான்.

அவன் உயிரைக் கொடுத்துச் செய்த வேலை வேறு, ஸ்கேனுக்குள் தலை அசைந்தால் படத்தை எப்படித் திருத்துவது என்பது. நான் இங்கிலாந்தில் எம்ஆர்ஐ அறையில் ரேடியோகிராபர், அதன் அருமை எனக்குத் தெரியும். எம்ஆர்ஐ படம் ஒரே நொடியில் விழுவதில்லை, சிக்னலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேகரித்து நிமிடக்கணக்கில் உருவாகிறது. பார்க்கின்சன் உள்ள ஒரு பெரியவர் படுத்திருக்கிறார், தலையைச் சுற்றிப் பஞ்சுத் திண்டு வைத்தாயிற்று, அசையாதீர்கள் என்றும் சொல்லியாயிற்று. நாலாவது நிமிடத்தில் இருமுகிறார். படம் முழுக்க அலை அலையாக வரி ஓடிவிடும், திரும்ப முதலிலிருந்து. குழந்தை என்றால் மயக்க மருந்து கொடுக்கலாமா என்று பேச்சு போகும். இந்த வேலைக்காக அவன் எழுதிய கட்டுரைகளுக்கு மேற்கோள் சொற்பம். திருத்தும் வழி ஸ்கேனருக்குள்ளேயே போய்விட்டால் அப்புறம் யார் கட்டுரையைத் தேடப் போகிறார்கள்? என்னைப் போல பட்டனை அழுத்துகிறவன் மேற்கோள் எழுதுவதில்லை.

போன முறை ஊருக்குப் போனபோது மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். ஒரு மேற்கோளுக்கு எவ்வளவு வரும் என்று கேட்டார்.

“ஒன்றும் வராது மாமா. சில பத்திரிகைக்கு நாம்தான் கட்ட வேண்டும்.”

“எழுதறவனேவா?”

நியூரோஇமேஜ் பத்திரிகையில் 2023-இல் ஒரு கட்டுரைக்குக் கட்டணம் 3,450 டாலராக இருந்தது என்றேன். கட்டுரையைச் சரிபார்க்கிறவர்களுக்குக் காசு உண்டா என்று அடுத்த கேள்வி. கிடையாது. வரவு ஒரு பக்கம், வேலை ஒரு பக்கமா என்றார். அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் குழுவுக்கும் இந்தக் கட்டணம்தான் உறுத்தியது, 2023-இல் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஒட்டுமொத்தமாக விலகி, எம்ஐடி பிரஸ் வழியாக இமேஜிங் நியூரோசயன்ஸ் என்று தனியாக ஆரம்பித்தார்கள். நம்ம ஆளும் இப்போது அதற்குத்தான் அனுப்புகிறான். புதுப் பத்திரிகை, மேற்கோளெல்லாம் மெதுவாகத்தான் சேரும். பாத்திரக் கடையிலும் புதுப் பேரேடு போட்டால் முதல் பக்கம் காலியாகத்தான் இருக்கும் என்கிறார் மாமா.