பழைய இரும்பில் ஒரு நாரை: பட்டறை நாட்குறிப்பு

பிப்ரவரி 9

காயலான் கடைக் குவியலில் பொறுக்கியதை எல்லாம் தரையில் பரப்பினேன். மண்வெட்டித் தகடுகள், சைக்கிள் செயின், லாரி லீஃப் ஸ்பிரிங், கட்டடக் கம்பித் துண்டுகள், பெரிய பல்சக்கரம் ஒன்று. தோட்டத்தில் வெயிலிலும் மழையிலும் நிற்கப்போகிற நாரை இது. இரண்டு மண்வெட்டிகளை எதிரெதிராக வைத்ததும் உடம்பு வந்துவிட்டது. 1942-இல் பிக்காசோ சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்துக் காளைத் தலை செய்தார். அதில் சீட்டும் தெரிகிறது, காளையும் தெரிகிறது. என் மண்வெட்டியும் மண்வெட்டியாகத் தெரிய வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. அதனால் காம்பு மாட்டும் வளையத்தை வெட்டப் போவதில்லை.

துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்புகளை ஒதுக்கிவிட்டேன். துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்துவிடும், இரும்பு உருக 1,500 அளவு வேண்டும். வெல்டு பிடிப்பதற்குள் பூச்சு வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அதைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வரும். ஷாக் அப்சார்பரும் வேண்டாம், உள்ளே அழுத்தத்தில் இருக்கும் வாயு சூடானால் வெடிக்கும்.

பிப்ரவரி 11

எது எந்த இரும்பு என்று கிரைண்டரில் தொட்டுப் பார்க்கும் வேலை. அரையிருட்டில் பார்த்தால் நன்றாகத் தெரியும். கட்டடக் கம்பியில் பொறி நீளக் கோடாகப் போய் நுனியில் கொஞ்சமாகப் பிரியும். லீஃப் ஸ்பிரிங்கைத் தொட்டதும் கற்றை கற்றையாக வெடித்துச் சிதறியது: கார்பன் அதிகம். வார்ப்பிரும்பின் பொறி சிவந்து, குட்டையாக விழும். பல்சக்கரம் வார்ப்பிரும்பு என்று தெரிந்துவிட்டதால் அதை வெல்டு செய்யப் போவதில்லை, போல்ட் போட்டு மாட்டிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 15

செயின் முழுக்கக் கிரீஸ். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிரஷ் போட்டு, சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்தேன். எண்ணெய் மிச்சம் இருந்தால் வெல்டு முழுக்கக் குமிழி விழும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரை இதற்குத் தொடவே கூடாது. அது வெல்டிங் வெப்பத்திலும் ஒளியிலும் பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும்.

பிப்ரவரி 22

இன்று நாள் முழுக்கத் தண்ணீரைப் பற்றித்தான் யோசனை. வெளியில் வைக்கிற இரும்புச் சிலையின் ஆயுள், அதில் தண்ணீர் எங்கே தங்குகிறது என்பதில்தான் இருக்கிறது. உருவம் எவ்வளவு அழகாக வந்தாலும் சரி.

முதலில் இறகுகள். வாலிலிருந்து ஆரம்பித்துக் கழுத்தை நோக்கி வந்தேன். ஓடு வேய்கிற மாதிரி, மேல் துண்டின் விளிம்பு கீழ்த் துண்டின் மேல் படிய வேண்டும். தலைகீழாக அடுக்கினால் ஒவ்வொரு இறகும் ஒரு கிண்ணமாகிவிடும். இரண்டு தகடுகள் ஒட்டி நிற்கும் இடுக்கு இன்னும் மோசம். துரு, இரும்பை விட அதிக இடம் பிடிக்கும். இடுக்குக்குள் வளர்ந்தால் தகடுகளை நெம்பிப் பிரித்து வெல்டையே பிளந்துவிடும். அதனால் மேல் விளிம்புகளில் விட்டு விட்டுப் புள்ளி வைக்காமல் தொடர்ச்சியாக வெல்டு ஓட்டினேன்.

அப்புறம் உடம்பின் உட்குழி. முழுக்க மூடலாம் என்றால், கடைசி அங்குலத்தில் உள்ளே சூடான காற்று உருகிய இரும்பைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். எனக்கு மூடுவதில் நம்பிக்கையும் இல்லை. மயிரிழை ஓட்டை போதும், தண்ணீர் உள்ளே போய் வெளியே வராது. ஆகவே வயிற்றின் மிகத் தாழ்ந்த இடத்தில் 8 மில்லிமீட்டர் துளை. அதை விடச் சிறிதாகப் போட்டால் தூசி அடைத்துக்கொள்ளும்.

மார்ச் 2

கால்களுக்கு 12 மில்லிமீட்டர் கம்பி, பாதத்துக்கு லீஃப் ஸ்பிரிங். ஸ்பிரிங்கை நேரடியாக வெல்டு செய்தால் ஒட்டிய பகுதி சட்டென்று குளிர்ந்து உடையும் தன்மைக்கு மாறிவிடும், சில நேரம் ஆறும்போதே விரிசல் விழும். 250 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, காய்ந்த 7018 வகை வெல்டிங் ராடு போட்டு, உலர்ந்த மணலுக்குள் புதைத்துவிட்டேன். மெதுவாக ஆறட்டும்.

சிறகை விரித்து வைக்கும் எண்ணத்தைக் கைவிட்டேன். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஒல்லிக் கால்களுக்கு அது அதிகம். மடக்கிய சிறகே நாரைக்கு இன்னும் பொருத்தம் என்றும் இப்போது தோன்றுகிறது.

மார்ச் 8

துரு நிறத்திலேயே விடலாமா? 1998-இல் இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட்டில் நிறுவிய 20 மீட்டர் உயர ‘ஏஞ்சல் ஆஃப் தி நார்த்’ சிலை துரு நிறத்தில்தான் நிற்கிறது. ஆனால் அது செம்பு கலந்த தனி வகை எஃகு. அதன் துரு இறுகிப் படிந்து உள்ளிருக்கும் இரும்பைக் காக்கும். சாதா இரும்பின் துரு அப்படி இல்லை, உதிர்ந்துகொண்டே உள்ளே போகும்.

பாதத்துக்கும் முழங்கால் வரைக்கும் ஜிங்க் பிரைமரும் கறுப்புப் பெயின்டும். மேலே துரு நிறம் வரட்டும், அதன் மேல் ஆளி விதை எண்ணெயை மெல்லியதாகப் பூசி அவ்வப்போது புதுப்பிக்கலாம். நிறமில்லாத மேல்பூச்சான கிளியர் லேக்கர் எனக்குப் பிடிக்கவில்லை: ஓர் இடத்தில் உரிந்தால் அடியில் ஈரம் பரவும், முழுதும் சுரண்ட வேண்டியிருக்கும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவைத்தேன். சுருட்டினால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும்.

மார்ச் 15

மழை பெய்தது. கையை வயிற்றுக்குக் கீழே வைத்துப் பார்த்தேன், துளையிலிருந்து தண்ணீர் வருகிறது. கழுத்துச் செயின் இரண்டு கண்ணிகளில் மட்டும் ஈரம் தங்கியிருந்தது, அங்கே வெல்டு வைத்து மூட வேண்டும். சிமென்டுத் தரையில் பழுப்புக் கறை இறங்கத் தொடங்கிவிட்டது. நாளை ஜல்லிக்கு மாற்றுகிறேன்.