காற்றுக்கும் காசு

தராசு 900 கிராம்தான் காட்டியது. கூரியர் கடைத் தம்பி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. டிராயரிலிருந்து இஞ்சு டேப்பை எடுத்து, சென்டிமீட்டர் பக்கமாகத் திருப்பினார்.

40, 30, 25. பெருக்கி 5000ஆல் வகுத்தார்.

“ஆறு கிலோ, அக்கா. 420 ரூபாய்.”

உள்ளே மூன்று பனை ஓலைப் பெட்டிகள். முக்கால்வாசி காற்று. எடையைவிட அடைக்கிற இடம் அதிகமென்றால் இடத்துக்குத்தான் காசாம். பெட்டி வாங்கிய கோயம்புத்தூர்க்காரரிடம் அனுப்பும் செலவென்று நான் வாங்கியதோ 90.

பாக்கியைக் கேட்க மெசேஜ் தட்டினேன். “சார், ஒரு சின்ன தவறு...” அழித்தேன். மறுபடி தட்டி, மறுபடி அழித்தேன். கணக்குத் தெரியாமல் விலை சொன்னது நான். அவர் என்ன செய்வார்?

சரியென்று பார்சலைத் திரும்ப வீட்டுக்குத் தூக்கி வந்தேன். சின்னதை நடுவானதுக்குள், நடுவானதைப் பெரியதுக்குள். பாட்டி பரணில் அப்படித்தான் அடுக்கி வைப்பாள். எனக்குத்தான் உறைக்கவில்லை.

புது அட்டைப்பெட்டி: 25, 25, 20. இரண்டரைக் கிலோ, 175 ரூபாய். கைநஷ்டம் 85. போகட்டும்.

போன மாதம் ஒருவரிடம் 60 ரூபாய் கூடுதலாக வாங்கியிருந்தேன். அப்போது மெசேஜ் தட்டக்கூடத் தோன்றவில்லை.

இப்போதுதான் ஜிபேயில் அனுப்பினேன். “எதுக்குங்க இது?” என்று கேட்கிறார்.