நாட்டியைக் கம்பைல் செய்வதும் சரிபார்ப்பதும்

ஒரு கிராஃபின் (முனைகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்ட அமைப்பு) ஆட்டோமார்ஃபிசம் குழுவை, அதாவது அதன் சமச்சீர்களின் தொகுப்பைக் கணக்கிட, அல்லது பத்து முனைகள் கொண்ட எல்லா கிராஃப்களையும் ஒன்றுகூட இரட்டிக்காமல் உருவாக்க, நாட்டி என்ற மென்பொருள் போல நம்பகமான கருவி எனக்குத் தெரிந்து வேறில்லை. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் பிரெண்டன் மெக்கே எழுதியது. ரோமின் சபியென்சா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அடோல்ஃபோ பிப்பெர்னோவின் டிரேசஸ் என்ற இதே வகை நிரலும் இதே தொகுப்பில் வருகிறது. முழுக்க சி மொழி என்பதால் கம்பைலரான ஜிசிசியும், கம்பைல் வேலையை நடத்தும் மேக்கும் இருந்தால் போதும்.

உபுண்டு, டெபியனில் ஆப்ட் வழியாகவே நிறுவலாம். ஆனால் அங்கே கிராஃப்களை உருவாக்கும் ஜென்ஜி போன்ற நிரல்களின் பெயருக்கு முன்னால் ‘நாட்டி-’ என்ற ஒட்டு உண்டு. வெறுமனே ஜென்ஜி என்று அழைக்கும் பழைய ஸ்கிரிப்டுகள் அதனால் நின்றுவிடும். எண்ணிப் பார்க்க மட்டும் என்றால் இந்தத் தொகுப்பே போதும். நீண்ட கணக்கு ஓட்டுபவர்கள் மூலநிரலை இறக்கித் தாங்களே கம்பைல் செய்வதுதான் நல்லது.

வேலை என்னவோ இரண்டு கட்டளைதான்: கன்ஃபிகர், பிறகு மேக். சிக்கல் கன்ஃபிகர் சத்தமில்லாமல் எடுக்கும் முடிவுகளில் இருக்கிறது. கம்பைல் நடக்கும் கணினியின் பிராசசருக்கென்றே குறியீடு உருவாக்கும்படி ‘மார்ச் = நேட்டிவ்’ என்பதை அது தானாகச் சேர்க்கிறது. அந்தக் கணினியிலேயே ஓட்டினால் இது லாபம். பல கணினிகள் இணைந்த கிளஸ்டரின் முகப்புக் கணினியில் கம்பைல் செய்து, பழைய பிராசசர் உள்ள நோடுகளுக்கு அனுப்பினால் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று நிரல் விழுந்துவிடும். அப்படிப் பல கணினிகளில் ஓட்டுவதாக இருந்தால் கன்ஃபிகருக்கு ‘எனேபிள்-ஜெனரிக்’ தேர்வைக் கொடுங்கள். தேர்வை மாற்றி மறுபடி கன்ஃபிகர் ஓட்டும்போதெல்லாம் ‘மேக் கிளீன்’ கட்டாயம். இல்லையென்றால் பழைய ஆப்ஜெக்ட் கோப்புகள் புதியவற்றோடு கலந்துவிடும்.

சொந்த சி நிரலோடு இணைப்பவர்கள் அதிகம் தடுமாறுவது வேர்ட்சைஸில். நாட்டி முனைகளின் கணங்களை பிட் வரிசையாக வைத்திருக்கிறது. ஒரு கணினிச் சொல்லில் (வேர்ட்) 32 பிட்டா, 64 பிட்டா என்பது கம்பைல் செய்யும்போதே உறுதியாகிவிடும். அதனால்தான் மேக் முடிந்ததும் பல நூலகக் கோப்புகள் கிடைக்கின்றன: பெயரில் டபிள்யூ இருந்தால் 32, எல் இருந்தால் 64. பெயரின் கடைசியில் 1 இருந்தால் முனைகள் ஒரே சொல்லில் அடங்கும் வேகமான வடிவம். அதோடு இணைக்கும்போது உங்கள் நிரலிலும் மேக்ஸ்என் (முனைகளின் உச்ச எண்ணிக்கை) மதிப்பை வேர்ட்சைஸுக்குச் சமமாக வைக்க வேண்டும். இந்த இணைகளை மாற்றிப்போட்டாலும் லிங்கர் பல நேரம் வாய் திறக்காது. விடைதான் தப்பாக வரும். இதைப் பிடிக்கவே ‘நாட்டி_செக்’ என்ற ஃபங்க்‌ஷன் இருக்கிறது. நிரலின் தொடக்கத்தில் அதை அழைத்துவிடுங்கள். பொருந்தாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடும். ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ பிழை வந்தால் முதலில் வரிசையைப் பாருங்கள். ஜிசிசி கட்டளையில் நூலகக் கோப்பு உங்கள் சி கோப்புக்குப் பின்னால்தான் வர வேண்டும்.

பிழை இல்லாமல் மேக் முடிந்தது என்பதை வைத்து ஆய்வுக் கணக்கைத் தொடங்கக் கூடாது. தொகுப்பிலேயே இருக்கும் ‘ரன்ஆல்டெஸ்ட்ஸ்’ ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். அடுத்து, விடை தெரிந்த கணக்குகள். தொகுப்பின் ஊடாடும் நிரலான ட்ரெட்நாட்டில் 10 முனைகள் கொண்ட பீட்டர்சன் கிராஃபைக் கொடுத்தால் குழுவின் அளவு 120 என்றும், எல்லா முனைகளும் ஒரே ஆர்பிட் (சமச்சீரால் ஒன்றின் இடத்துக்கு மற்றொன்று வரக்கூடிய முனைகளின் கூட்டம்) என்றும் வர வேண்டும். ஜென்ஜிக்கு 10 கொடுத்தால் 1,20,05,168 கிராஃப்கள். சி தேர்வோடு இணைந்த கிராஃப்களை மட்டும் கேட்டால் 1,17,16,571. எண்ணிக்கை மட்டும் வேண்டும் என்றால் யு தேர்வைச் சேர்த்துவிடுங்கள், கிராஃப்களை எழுதாது.

எழுதவிடும்போது வட்டில் இடம் பாருங்கள். ஜென்ஜி எழுதும் கிராஃப்6 என்ற எழுத்து வடிவத்தில் 10 முனை கிராஃப் ஒன்றுக்கு வரிமுடிவோடு சேர்த்து 10 பைட், மொத்தம் 120 எம்பி. 11 முனைக்கு ஒன்றுக்கு 12 பைட்தான், ஆனால் கிராஃப்கள் 101,89,97,864. கோப்பு 12 ஜிபியைத் தாண்டும். கோப்பில் சேமிப்பதைவிட பைப் வழியாக அடுத்த நிரலுக்கு அனுப்புவதே மேல். ஜென்ஜி தன் புள்ளிவிவர வரிகளைப் பிழை வெளியீட்டில் எழுதுகிறது. இரண்டு வெளியீட்டையும் ஒரே கோப்பில் சேர்த்தால் அந்த வரிகள் கிராஃப்களுக்கு நடுவே வந்து, படிக்கும் நிரலைக் குழப்பும். கியூ தேர்வு அவற்றை நிறுத்திவிடும்.

பல கோர்களில் ஓட்ட இரண்டு வழி. ஒரே நிரலுக்குள் த்ரெட்கள் என்றால் ‘எனேபிள்-டிஎல்எஸ்’ தேர்வோடு கம்பைல் செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே உள்ள ஸ்டாட்டிக் அரேக்களை எல்லா த்ரெட்களும் ஒரே நேரத்தில் மாற்றிக்கொண்டிருக்கும். ஜென்ஜிக்கு அந்தத் தொல்லையே வேண்டாம்: வேலையை 100 பகுதியாக்கி, கட்டளையின் கடைசியில் எந்தப் பகுதி என்பதை 0/100, 1/100 என்று 99/100 வரை கொடுத்துத் தனித்தனி ப்ராசஸாக ஓட்டலாம். பகுதிகள் சம அளவாக வராது, ஆகவே கோர்களின் எண்ணிக்கையைவிடப் பல மடங்கு பகுதிகளாகப் பிரியுங்கள். முடிந்ததும் பகுதி எண்ணிக்கைகளைக் கூட்டுங்கள். 11 முனைக்கு மேலே சொன்ன எண் வராவிட்டால் எங்கோ ஒரு பகுதி பாதியில் நின்றிருக்கிறது. பதிவுக் கோப்பில் (பிழை வெளியீட்டைச் சேமித்தது; இதற்காகக் கியூ தேர்வைக் கொடுக்காதீர்கள்) இறுதிப் புள்ளிவிவர வரி இல்லாத பகுதியைத் தேடி அதை மட்டும் மறுபடி ஓட்டினால் போதும்.