பித்தப்பையும் ஏழு கடிதங்களும்

ஜூன் 3, செவ்வாய்

காலைச் சுகர் 268. அம்மாவின் பித்தப்பை ஆபரேஷன் இன்றைக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்த அம்மா, "இல்லை" என்று காதில் விழுந்த உடனே இட்லி கேட்டாள்.

பையில் சார்ஜர் இல்லை, சீப்பு இல்லை, பல்செட் டப்பா இல்லை. ஒரு புத்தகம் மட்டும் இருக்கிறது. கிளம்புகிற அவசரத்தில் அலமாரியில் கைக்கு வந்ததை உருவியிருக்கிறேன். தமுக்கம் புத்தகத் திருவிழாவில் பழைய புத்தகக் கடையில் எப்போதோ வாங்கியது. அதற்கப்புறம் வாங்கியதெல்லாம் படித்து, இரவல் கொடுத்து, தொலைந்தும் போயாயிற்று. இது மட்டும் அகராதிக்கும் சமையல் புத்தகத்துக்கும் நடுவே நின்றுகொண்டே இருந்தது. கிறிஸ்டியானா பிராண்ட் எழுதிய 'கிரீன் ஃபார் டேஞ்சர்'. 1944-இல் வந்த துப்பறியும் நாவல்.

பின்னட்டையைப் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்துவிட்டேன், வார்டே திரும்பிப் பார்த்தது. ஆஸ்பத்திரி. ஆபரேஷன் மேஜை. மயக்கத்தில் போன ஆள் எழுந்திருக்கவே இல்லை.

கொலை நாவலுக்கா பஞ்சம்? இதுதான் கையில் வரவேண்டுமா?

ஜூன் 4, புதன்

231. இன்சுலினைக் கூட்டியிருக்கிறார்கள்.

முதல் வேலையாகப் புத்தகத்துக்கு அட்டை போட்டேன். முன்பக்கம் முகமூடி போட்ட டாக்டர் படம், அம்மா கண்ணில் படக்கூடாது. நர்ஸ் மேஜைக்குப் பின்னால் தொங்கிய மாதக் காலண்டரில் மே மாதத் தாளைக் கேட்டு வாங்கினேன். மேல்பாதி அட்டைக்குச் சரியாக இருந்தது. கீழ்ப்பாதியை மடித்து அடையாளத்துக்கு உள்ளே வைத்துக்கொண்டேன்.

முதல் அத்தியாயத்திலேயே ஆளை உட்கார வைத்துவிடுகிறார். இங்கிலாந்தின் கென்ட்டில் ஒரு மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார் ஹிக்கின்ஸ் என்ற தபால்காரர். ஹெரன்ஸ் பார்க் என்ற ராணுவ ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க வேண்டிய ஏழு கடிதங்கள் அவர் கையில். வேலைக்கு வருகிறோம் என்று ஏழு பேர் எழுதியவை. சர்ஜன் ஈடன், வயதான சர்ஜன் மூன், மயக்க மருந்து டாக்டர் பார்ன்ஸ், சிஸ்டர் பேட்ஸ், அப்புறம் தொண்டர் நர்சுகளாக வரப்போகும் மூன்று பெண்கள். ஒவ்வொரு கடிதத்தோடும் எழுதினவரைக் கொஞ்சம் காட்டிவிட்டு, இந்த ஏழு பேரில் ஒருவர்தான் கொலைகாரர் என்று அங்கேயே போட்டு உடைத்துவிடுகிறார். அப்புறம் குண்டுவீச்சில் கால் முறிந்து அந்தத் தபால்காரரே அங்கே வந்து படுக்கிறார். சாதாரண ஆபரேஷன். மேஜையிலேயே போய்விடுகிறார்.

எனக்கு இந்த மாதிரி ஆட்டம்தான் பிடிக்கும். ஏழு பேர், கதவைச் சாத்தியாயிற்று. கடைசி அத்தியாயத்தில் சித்தப்பா மகன் ஒருத்தன் சிங்கப்பூரிலிருந்து இறங்கி "நான்தான் செய்தேன்" என்று சொல்கிற வேலை இங்கே கிடையாது.

'சாதாரண ஆபரேஷன்தான்' என்று அம்மாவின் சர்ஜனும் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 5, வியாழன்

பக்கத்துப் பெட்டில் காரைக்குடிப் பக்கத்து ஆச்சி. அவருக்கும் பித்தப்பைக் கல்தான். மகன் நத்தத்திலிருந்து வந்து போகிறார், வரும்போதெல்லாம் ஒரு பை. "அப்பத்திலேருந்து படிக்கிறியே தாயி, என்ன கதை? எங்களுக்கும் சொல்லேன்" என்றார்.

எப்படிச் சொல்வது? வார்டில் படுத்திருக்கிற எல்லோரும் ஆபரேஷன் தியேட்டருக்குப் போகக் காத்திருக்கிறவர்கள். யோசித்து, கதையைத் தூக்கிக் கல்யாண மண்டபத்தில் வைத்தேன். ஏழு சமையல்காரர்கள். தபால்காரர் பந்தியில் உட்கார்ந்து முதல் வாய் எடுத்ததும் சாய்ந்துவிட்டார்.

"தவசுப்பிள்ளைதான்" என்றார் ஆச்சி, உடனே. "மொய்ப் பணத்துல ஏதோ தகராறு."

அம்மா விடவில்லை. முப்பது வருஷம் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவள். "பந்தியில நூறு பேர் சாப்பிட்டாங்க. அண்டா ஒண்ணுதான். இவர் மட்டும் எப்படிடீ செத்தார்?"

அந்த இடத்தில்தான் கதை இடித்தது. தியேட்டரில் ஒருத்தர் முகத்துக்கு மட்டும் தனியாக ஒரு குழாய் போகும். பந்தியில் அது ஏது? "அதான் மர்மம்" என்று சொல்லி விளக்கை அணைத்தேன்.

ஜூன் 6, வெள்ளி

285!! நேற்று மத்தியானம் 194 வரை இறங்கியிருந்தது. டியூட்டி டாக்டர் என்னைப் பார்த்த பார்வை.

மாம்பழம். கட்டிலுக்கடியில் செருப்பைத் தேடும்போது அகப்பட்டது கொட்டை. காலண்டர் தாளில் பொதிந்து சுவரோரம் தள்ளியிருந்தது. சாறு ஊறிய தாளில் 18 ஞாயிறு மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அம்மாவைக் கேட்டால், "எனக்கென்ன தெரியும், முன்னாடி படுத்திருந்தவங்களுது." கொட்டையில் ஈரம் காயவில்லை.

ஆச்சி கொடுத்தாரா? அவர் மகனா? காலையில் கூட்ட வரும் அக்காவா? நான் கேன்டீனுக்குப் போன பதினைந்து நிமிஷத்துக்குள் நடந்திருக்கிறது. கேட்டால் எல்லோருமே பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள்.

புத்தகத்தில் வைத்த அடையாளத்தையும் காணோம். எந்தப் பக்கம் என்று தேடிக் கண்டுபிடிக்கவே நேரமாகிவிட்டது.

தம்பி பெங்களூரிலிருந்து போன் செய்து "அக்கா, நீ பக்கத்துலதானே இருக்க?" என்றான். வைத்துவிட்டேன்.

ஜூன் 7, சனி

கதையில் சிஸ்டர் பேட்ஸ் போய்விட்டாள். தனக்கு உண்மை தெரியும், அத்தாட்சியும் கையில் இருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போகிறாள். சொன்னவள் விடியும்வரை இருப்பாளா? துப்பறியும் கதையில் "நாளைக்குச் சொல்றேன்" என்கிறவர்களுக்கு எந்தக் கம்பெனியும் இன்ஷூரன்ஸ் தரக்கூடாது. ஆனாலும் பிராண்ட் எழுதும்போது வயிற்றில் புளி கரைக்கிறது. இருட்டில், ஆளில்லாத தியேட்டருக்குத் தனியாகப் போகிறாள்.

ராத்திரி இதைத் தலைமைச் சமையல்காரியாக்கிச் சொன்னேன். அடுப்படியில் பாத்திரம் கழுவும்போது வாய் விட்டாள், மறுநாள் பிணம்.

ஆச்சி உச்சுக் கொட்டினார். "மண்டபத்து மேனேஜர்தான். அவன் முழியே சரியில்லே."

அம்மா, "பார்ட்டியில போய் அப்படி உளறியிருக்கக் கூடாது அவ" என்றாள்.

சுகர் 203.

ஜூன் 8, ஞாயிறு

டாக்டர் யாரும் வரவில்லை. முழுநாளும் படிப்பு.

இன்ஸ்பெக்டர் காக்ரில் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டார். குள்ளமான மனிதர், எரிச்சல்காரர், ஓயாத சிகரெட். மீசை முறுக்கல், தத்துவம், தம்பட்டம் எதுவும் இல்லை. சந்தேகத்துக்குரியவர்களை வைத்தே இன்னொரு ஆபரேஷனைச் செய்யவிட்டு, தியேட்டருக்குள் நின்று பார்க்கிறார். அந்த அத்தியாயத்தை வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். எல்லாம் சரியாகப் போகிறது. அப்புறம் நோயாளியின் நிறம் மாறுகிறது. ஆக்சிஜனைக் கூட்டுகிறார்கள். கூட்டக் கூட்ட மோசமாகிறது.

பச்சைச் சிலிண்டரில் இருப்பது கார்பன் டை ஆக்சைடு. அதற்குக் கறுப்பு வெள்ளைப் பெயின்ட் அடித்து ஆக்சிஜன் என்று மாட்டியிருக்கிறார்கள். காப்பாற்றுகிறோம் என்று நினைத்துத் திறக்கிற ஒவ்வொரு திருகும் கொல்லுகிறது. தலைப்பிலேயே பாதி இருப்பதால் இதைச் சொல்வதில் தப்பில்லை. ஆள் யார் என்று சொல்ல மாட்டேன்.

தலையைத் தூக்கினால் லிஃப்ட் பக்கத்தில் தள்ளுவண்டியில் ஒரு சிலிண்டர். கறுப்பு உடம்பு, வெள்ளைத் தோள். தோளில் பெயின்ட் உரிந்த இடத்தில் அடியில் என்ன நிறம் என்று குனிந்து பார்த்தேன். துரு. வாட்ச்மேன் "என்னம்மா வேணும்?" என்றார்.

ஆனால் ஒன்று. ஹெரன்ஸ் பார்க்கில் ஒரு சாவு என்றால் அதற்கு ஒரு ஆள் இருக்கிறார், காரணம் இருக்கிறது, காக்ரில் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு அதைத் தேடி வருகிறார். இந்த வராந்தாவில் ஐசியூ வாசலில் உட்கார்ந்திருக்கிறவர்கள் யாரைப் போய்ப் பிடிப்பார்கள்? அதனால்தான் இதை இங்கே உட்கார்ந்து இவ்வளவு சந்தோஷமாகப் படிக்க முடிகிறதோ என்னவோ.

187.

ஜூன் 9, திங்கள்

171. நாளைக்கு என்று முடிவாகிவிட்டது.

மயக்க மருந்து டாக்டர் வந்தார், என்னைவிடச் சின்னப் பெண். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார். ஆடுகிற பல் இருக்கா, பல்செட்டா, குறட்டை விடுவீங்களா, இதுக்கு முன்னாடி மயக்கம் கொடுத்திருக்காங்களா. லாப்பராஸ்கோப்பி எப்படிச் செய்வார்கள் என்றும் சொன்னார். தொப்புள் பக்கத்தில் சின்னத் துளை போட்டு, உள்ளே கேஸ் ஏற்றி வயிற்றை உப்ப வைத்தால்தான் சர்ஜனுக்கு இடம் கிடைக்குமாம்.

"என்ன கேஸ்?" என்றாள் அம்மா.

"கார்பன் டை ஆக்சைடும்மா. தீப்பிடிக்காது, ரத்தத்துல கரைஞ்சு மூச்சுல வெளியே வந்துடும்."

எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. டாக்டர் பின்னாலேயே வராந்தாவுக்குப் போய், சிலிண்டரை மாற்றி மாட்டிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். விசித்திரமாகப் பார்த்தாலும் பதில் சொன்னார். மெஷினில் மாட்டுகிற சிலிண்டரின் கழுத்தில் இரண்டு துளை இருக்கும், மெஷினில் அதற்கு நேராக இரண்டு ஊசி. ஆக்சிஜனுக்கு 2, 5-ஆம் இடம், கார்பன் டை ஆக்சைடுக்கு 1, 6. என்ன பெயின்ட் அடித்தாலும் உட்காராது. போதாததற்கு நோயாளி விடுகிற மூச்சில் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு என்று திரையில் கோடாக ஓடிக்கொண்டே இருக்குமாம், 35-லிருந்து 45-க்குள். "யாராவது தப்பு பண்ணா அஞ்சாறு மூச்சுலயே மெஷின் கத்தும்மா. நீங்க சாப்டீங்களா?"

1944-இன் கொலைகாரர் இன்றைக்கு வேறு வேலைதான் தேட வேண்டும்.

திரும்பி வந்து புத்தகத்தைத் திறக்கும்போது அட்டைத் தாளைப் பார்த்தேன். மே 1 முதல் 17 வரை. கிழித்த ஓரம். 18 ஞாயிறு!

கொட்டையைச் சுற்றியிருந்தது என் அடையாளத் தாள். அது என் புத்தகத்துக்குள் இருந்தது. புத்தகத்தைத் திறந்தவர்தான் பழம் தின்றவர். ஆச்சிக்கு இங்கிலீஷ் வராது, அவர் மகன் என் பையைத் தொட மாட்டார். தவிர, சனிக்கிழமை நான் அடுப்படி என்றுதான் சொன்னேன். பார்ட்டி என்று சொல்லவே இல்லை.

அம்மாவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வரிசையாகச் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "நல்லாத்தான் கண்டுபிடிச்சிருக்கே" என்றாள். பழம் ஆச்சியிடம் கேட்டு வாங்கியதாம். நான் குளிக்கப் போகும்போதும், மருந்து வாங்கப் போகும்போதும், ராத்திரி நான் தூங்கியபிறகும் படித்தாளாம்.

"சுகர் இறங்கினா சனிக்கிழமையே கூட்டிட்டுப் போயிருப்பாங்கடீ. இன்னும் எண்பது பக்கம் பாக்கி இருந்துச்சு."

"பயமா இருந்துச்சாம்மா?"

"அந்த இன்ஸ்பெக்டர் சிலிண்டர் வாயில சுண்ணாம்புத் தண்ணியைக் காட்டியிருந்தா பால் மாதிரி திரிஞ்சிருக்கும். முதல் நாளே முடிஞ்சிருக்கும் கேஸ். இதுக்கு எதுக்கு இன்னொரு ஆபரேஷன்?"

ஜூன் 10, செவ்வாய்

7:40-க்கு உள்ளே போனாள். பல்செட், மூக்குத்தி, கண்ணாடி என் கைப்பையில். லிஃப்ட் வாசலில் ஸ்ட்ரெச்சரிலிருந்து தலையைத் தூக்கி, "யாருன்னு சொல்லட்டுமா?" என்றாள். சொன்னால் ஜென்மத்துக்கும் பேச மாட்டேன் என்றேன்.

காத்திருக்கும் ஹாலில் டிவி சத்தமில்லாமல் ஓடியது. கடைசி அத்தியாயங்களைப் படித்தேன். வாய்விட்டு "அடப்பாவி" என்றேன். பிராண்ட் ஏமாற்றவில்லை, எல்லாம் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது. மறுபடி கடிதங்களைப் போய்ப் பார்த்தேன். அங்கேயே ஒரு வரி உட்கார்ந்திருக்கிறது, நான்தான் வேறு யாரையோ பார்த்துக்கொண்டு தாண்டிப் போயிருக்கிறேன். கொலைகாரர் மேல் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை, அதுதான் உறுத்துகிறது.

பிராண்ட் ஒரு கடையில் விற்பனைப் பெண்ணாக இருந்தபோது கூட வேலை பார்த்தவளைக் கொல்வதாகக் கற்பனை செய்து முதல் துப்பறியும் நாவலை எழுதினாராம், வந்தது 1941-இல். பிறந்தது மலாயா. பின்னாளில் குழந்தைகளுக்காக எழுதிய நர்ஸ் மட்டில்டா கதைகள்தான் நானி மெக்ஃபீ படமாக வந்தன. என்ன கை!

9:25. அம்மாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். கதவு இடுக்கில் ஒரு நர்ஸ், கையில் கிட்னி டிரே. பித்தப்பையை வெட்டித் திறந்து காட்டினார். பச்சையும் மஞ்சளுமாக ஒரு தோல், நான் நினைத்ததைவிடச் சின்னது. அதற்குள் பட்டை தீட்டினதுபோல் மூலை மூலையாகக் கறுப்புப் பழுப்புக் கற்கள். எண்ணச் சொன்னார், என்னால் முடியவில்லை. "அம்மா முழிச்சிட்டாங்க, நல்லா இருக்காங்க" என்றார்.

ஜூன் 11, புதன்

வயிற்றில் வலி பரவாயில்லையாம். வலது தோள்பட்டைதான் குத்துகிறதாம். வயிற்றில் கையை வைத்தால் தோள் ஏன் வலிக்கிறது என்று தம்பி போனில் கத்துகிறான். மிச்சமிருக்கும் கேஸ் உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது, இரண்டொரு நாளில் போய்விடும் என்றார்கள்.

"அந்தச் சிலிண்டர்க்காரங்க என்னையும் விடலை பாத்தியா" என்று சிரித்தாள் அம்மா. தையல் இழுத்தது. சிரிக்கக் கூடாதென்று சிஸ்டர் திட்டினார்.

சுகர் 166. கஞ்சி.

ஜூன் 12, வியாழன்

இன்ஷூரன்ஸ் அப்ரூவல் வரவில்லை. வராமல் விடமாட்டார்கள், நாமும் போக முடியாது.

முடிவு நியாயமா என்று அம்மாவுக்கும் எனக்கும் காலையிலிருந்து சண்டை. அவள் எழுபதாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டாளாம். நான் நம்பவில்லை. எழுதி வைத்திருந்தாயா என்றால், "எதுல எழுதுறது, இருந்த ஒரு தாளையும் கொட்டையைச் சுத்திப் போட்டாச்சு" என்கிறாள்.

நாளை ஆச்சிக்கு ஆபரேஷன். மண்டபத்துக் கதைக்கு முடிவு கேட்டு உட்கார்ந்திருக்கிறார். மேனேஜர்தான் என்பதில் உறுதியாக இருக்கிறார். அப்படி ஒரு ஆள் கதையிலேயே கிடையாது, நான் சொன்னதாகவும் ஞாபகம் இல்லை. அம்மா கண் ஜாடை காட்டுகிறாள், ஆமாம் என்று சொல்லித் தொலை என்று.