டேப்லெட் வாங்குவதற்கு முன்

டேப்லெட் வாங்க நினைப்பவர்கள், விலையைப் பார்ப்பதற்கு முன், ஒரு வாரம் தங்கள் கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்பதைக் குறித்துப் பார்ப்பது நல்லது. நான் அப்படிக் குறித்தபோது, என் நேரத்தின் பெரும்பகுதி பிடிஎஃப் கோப்புகளைப் படிப்பதிலேயே கழிவது தெரிந்தது. ஏ4 தாளின் மூலைவிட்டம் ஏறத்தாழ 14.3 அங்குலம், அந்தப் பக்கம் 11 அங்குலத் திரையில் சற்றுச் சுருங்கினாலும் படிக்க முடிகிறது, ஆனால் 8 அங்குலத் திரையில் எழுத்துகள் ஏறக்குறைய பாதியளவாகிக் கண்ணை வருத்துகின்றன. நாள் முழுவதும் தட்டச்சு செய்பவருக்கு மடிக்கணினியே ஏற்றது. தனி விசைப்பலகையும் பேனாவும் சேர்த்து வாங்கும்போது செலவு எவ்வளவு கூடுகிறது என்பதைப் பலரும் கணக்கிடுவதில்லை. முக்கியமாக, பாதுகாப்புப் புதுப்பிப்புகள் எத்தனை ஆண்டுகள் வரும் என்று கேளுங்கள். அவை நின்றபின், திரையும் மின்கலமும் நன்றாக இருந்தாலும், வங்கிச் செயலிகள் இயங்க மறுக்கக்கூடும்.