எவ்வளவு நீளுது என்றும் கேளுங்கள்

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களைப் பார்க்கப் போகும்போது என் கண் முதலில் தேடுவது ஒரு தலையணையை. பெரும்பாலும் அது முழங்காலுக்கு நேர் கீழே இருக்கும். மகளோ மருமகளோ பார்த்துப் பார்த்து வைத்திருப்பார்கள். “இப்படி வச்சாத்தான் அம்மாவுக்கு வலி அடங்குது மேடம்” என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். வீங்கிய மூட்டு லேசாக மடங்கி இருக்கும்போதுதான் உள்ளே தேங்கிய நீருக்குக் கூடுதல் இடம் கிடைக்கிறது, அதனால் வலி குறைகிறது. ஆனால் இரவும் பகலும் அப்படியே கிடந்தால் மூட்டின் பின்பக்கத் தசையும் சவ்வும் அந்த நிலையிலேயே இறுகிப்போகும். பிறகு நீட்டச் சொன்னால் கால் நீளாது.

நெல்லை, தென்காசிப் பக்கம் வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்வது என் வேலை. பார்க்க வரும் சொந்தக்காரர்கள், போனில் விசாரிக்கும் வெளியூர்ப் பிள்ளைகள், ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்ட பக்கத்துத் தெருக்காரர், எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: “எவ்வளவு மடங்குது?” 90 டிகிரி வந்துவிட்டதா, அவருக்கு 110 வந்துவிட்டதாமே என்று ஒப்பிட்டுக் கவலைப்படுவார்கள். எவ்வளவு நீளுது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

மடக்குவதும் தேவைதான், இல்லை என்று சொல்லவில்லை. சமதளத்தில் நடக்க ஏறக்குறைய 65, 70 டிகிரி மடங்கினால் போதும். படி ஏறி இறங்க 90-ஐ ஒட்டி வேண்டும். நாற்காலியிலிருந்து சிரமமில்லாமல் எழ அதைவிடச் சற்றுக் கூடுதலாக வேண்டும். அதனால்தான் இரண்டு வாரத்துக்குள் 90-ஐத் தொட்டுவிடப் பார்க்கிறோம். ஆனால் நடக்கும்போது குதிகால் தரையில் படுகிற நேரத்தில் கால் கிட்டத்தட்ட நேராக இருந்தாக வேண்டும். 10, 15 டிகிரி நீளாமல் நின்றுவிட்டால், நிற்கிற நேரமெல்லாம் தொடையின் முன்பக்கத் தசையே உடம்பைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். அது சீக்கிரம் களைத்துவிடும். கால் குட்டையானவர் போல ஒரு பக்கம் சாய்ந்து நடப்பார்கள். அப்புறம் இடுப்பு வலி, அப்புறம் அடுத்த முழங்காலிலும் வலி. மடக்கத்தில் கொஞ்சம் குறைந்தவர் சந்தைக்குப் போய்விட்டு வந்துவிடுவார். நீட்டத்தில் அதே அளவு குறைந்தவர் தெருமுனை தாண்டுவதற்குள் உட்கார இடம் தேடுவார்.

அந்தத் தொடைத் தசையின் கதையும் பாவம்தான். அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதல் மாதத்தில் அதன் பலம் பாதிக்கு மேல் போய்விடுகிறது. தசை மெலிவது மட்டும் இதற்குக் காரணமில்லை. மூட்டில் வீக்கமும் வலியும் இருக்கும்வரை, தசைக்குப் போகிற நரம்புக் கட்டளையே அடங்கிப்போகிறது. காலைத் தூக்க முடியாதவரை ‘சோம்பேறித்தனம்’ என்று வீட்டில் திட்டுவதைக் கேட்டால் எனக்கு மனசு பொறுக்காது. அவர் முயற்சி செய்துகொண்டுதான் இருக்கிறார். வீக்கம் குறையக் குறையத்தான் தசை திரும்ப விழித்துக்கொள்ளும். ஈரத்துணியில் ஐஸ் கட்டியைச் சுற்றி 15, 20 நிமிடம் வைக்கச் சொல்வது அதற்காகத்தான். இங்கே பல வீடுகளில் ஐஸ் என்றால் சளி பிடிக்கும் என்று பயம். அதற்குப் பதிலாகத் தவிட்டு ஒத்தடமும் சூடு பறக்கத் தைலத் தேய்ப்பும் நடக்கும். புதுத் தையலும் வீக்கமும் இருக்கிற காலில் சூடு வைக்கக் கூடாது, அழுத்தித் தேய்க்கவும் கூடாது. கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தால் எனக்குப் போன் செய்து காத்திருக்கவே வேண்டாம். ரத்தம் உறைந்திருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

ஆலங்குளம் பக்கத்து ஊரில் ஓர் ஆச்சியைப் பார்க்கப் போயிருந்தேன். பீடி சுற்றியே பிள்ளைகளைக் கரையேற்றியவர். சின்ன வயசிலிருந்து தரையில் உட்கார்ந்து, மடியில் சுளவை (முறத்தை) வைத்துக்கொண்டு, இலையை வெட்டித் தூளை வைத்துச் சுருட்டி வந்த உடம்பு. அரசு மருத்துவமனையில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவை சிகிச்சை ஆகி ஒரு மாதம் தாண்டியிருந்தது. கால் 100 டிகிரி மடங்கியது. வீட்டில் எல்லோருக்கும் அதில் திருப்தி. மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரை வைத்துப் பார்த்தால் நீட்டத்தில் 12 டிகிரி குறைவு. கட்டிலில் அதே தலையணை.

தலையணையை எடுத்துவிட்டு, துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்தேன். முழங்காலுக்குக் கீழே இடைவெளி நன்றாகத் தெரிந்தது. அதில் என் உள்ளங்கையை விட்டு, “என் கையை முழங்காலால கீழ அமுக்குங்க ஆச்சி” என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினார். தோள்தான் இறுகியது, தொடையில் ஒன்றுமில்லை. “மனசு சொல்லுது தாயி, கால் கேக்க மாட்டேங்கு” என்றார். முழங்கால் சிப்பிக்கு மேலே தொடையில் விரலால் தட்டித் தட்டி, இந்த இடம் இறுகணும் என்று காட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து அங்கே தோலுக்கு அடியில் ஒரு துடிப்பு ஓடியது. அப்புறம் என் உள்ளங்கையில் லேசாக, மிக லேசாக ஓர் அழுத்தம். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த நிமிடம் அதுதான்.

அன்றைக்கு ஆச்சி என்னிடம் கேட்டது வேறு. “தரையில உக்காந்து பீடி சுத்தலாமா, கூடாதா?” சம்மணம் போடுவதும் குத்துக்காலிடுவதும் வேண்டாம் என்று மருத்துவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அவர் சொன்னது சரிதான். ஆனால் தரையில் உட்கார்ந்தால்தான் வருமானம் என்று வாழ்ந்தவரிடம் கூடாது என்பதோடு நிறுத்திக்கொண்டு கிளம்ப முடியாது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியை அடுக்கி உயரத்தைக் கூட்டினோம். சுளவை மடியில் வைக்காமல் எதிரே ஒரு மேசையில் வைக்கச் செய்தோம். கை பழகும்வரை சலித்துக்கொண்டார்.

நாற்காலியிலும் மணிக்கணக்காகக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் நீட்டம் வராது, வீக்கமும் ஏறும். அதனால் பக்கத்தில் ஒரு முக்காலி. ஒவ்வொரு கட்டு பீடி முடிந்ததும் குதிகால் மட்டும் படும்படி காலை அதில் நீட்டி வைத்து, முழங்காலைக் கீழ்நோக்கி அமுக்க வேண்டும். உடற்பயிற்சி என்று தனியாக நேரம் ஒதுக்கச் சொன்னால் செய்திருக்க மாட்டார். கட்டுக்கு ஒரு தடவை என்றதும் கணக்குத் தப்பாமல் செய்தார். சில வாரங்களில் 12 என்பது 4-க்கு வந்தது. வாக்கரை விட்டு, கைத்தடியோடு பீடிக் கடைக்குத் தானே நடந்துபோய்ச் சரக்கைப் போட்டுவிட்டு வந்தார்.

ஒரு காலத்தில் வசதியுள்ளவர்களுக்கு மட்டுமே எட்டிய சிகிச்சை இது. செயற்கை மூட்டின் விலைக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது. காப்பீட்டுத் திட்டம் ஏழைகளையும் அறுவை அரங்கு வரை கொண்டுவந்துவிட்டது. அரங்கை விட்டு வெளியே வந்த பிறகான மூன்று மாதத்துக்குத்தான் இன்னும் சரியான துணை இல்லை. கையில் ஒரு பயிற்சித்தாள், அதோடு வீடு. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும் சேர்ந்திருக்கிறது. கிராமத்தில் இருப்பவர்கள் தங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தேய்ந்த மூட்டு பல வருடமாக மடங்கியே பழகியிருக்கும். ஆபரேஷனுக்கு முன்னால் கால் எவ்வளவு நீண்டதோ, தொடைக்கு எவ்வளவு பலம் இருந்ததோ, அதைப் பொறுத்தே பின்னால் தேறுவதும் அமையும். அதனால் தேதி வரும்வரை சும்மா படுத்திருக்க வேண்டாம். குதிகாலுக்கு அடியில் துண்டை வைத்து முழங்காலை அமுக்கும் பயிற்சியை, மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, இன்றைக்கே தொடங்கிவிடுங்கள்.